இருபத்துநாலடிக் குழாயும் ஆடிக் காற்றும்

சமையலறை சிம்னி பற்றி எழுதுங்கள் என்று சென்ற இதழில் ஒரு வரி போட்டதுதான் தாமதம், தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலிருந்தும் கடிதங்களும் செல்போன் படங்களும் குவிந்துவிட்டன. பாதிக்கு மேல் ஒரே கேள்விதான்: “இத்தனை காசு கொடுத்து வாங்கினோம், புகை ஏன் போகவில்லை?” நான் சிம்னி விற்பவன் இல்லை. ஓசூர் சிப்காட்டில் ஆலைகளுக்குத் தூசி உறிஞ்சும் தகரக் குழாய் போட்டுப் பிழைத்தவன். அதனால் என் பதில்கள் பெட்டியைவிடக் குழாயைப் பற்றியே அதிகம் இருக்கும். கடைக்காரர்கள் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

*

ஐயா, எங்கள் சமையலறை வீட்டுக்கு நடுவில் இருக்கிறது. இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர். அதனால் சிம்னிக் குழாயைப் பரண் மேல் ஏற்றி, பூஜை அறை, ஸ்டோர் ரூம் தாண்டிப் பின்பக்கம் விட்டிருக்கிறார்கள். 24 அடி இருக்கும், வளைவு நாலு. சிம்னி 1200 சக்‌ஷன். ஆனாலும் மீன் வறுத்தால் ஹாலில் இருக்கும் மாமனாருக்கு இருமல் வந்துவிடுகிறது. 1500 சக்‌ஷன் மாடலுக்கு மாறிவிடுங்கள் என்கிறார் கடைக்காரர். மாறலாமா? மேலே மொட்டை மாடிதான், வேறு வீடு இல்லை. படங்கள் அனுப்பியிருக்கிறேன்.
– வாசகி, குமாரசாமிப்பேட்டை, தருமபுரி

மாற வேண்டாம் அம்மா. உங்கள் பெட்டியில் ஒரு குறையும் இல்லை.

முதலில் அந்த 1200 என்பது என்ன என்று பார்த்துவிடுவோம். மணிக்கு 1200 கன மீட்டர் காற்றை இழுக்கும் என்று அர்த்தம். பெரும்பாலும் இது குழாயின் தடை எதுவும் இல்லாத நிலையில் மோட்டாரால் அதிகபட்சம் தள்ள முடிகிற அளவு. அவ்வளவு காற்றும் உங்கள் 6 இஞ்ச் குழாய்க்குள் போக வேண்டுமென்றால், உள்ளே மணிக்கு 65 கிலோமீட்டர் வேகத்தில் காற்று ஓட வேண்டும். தொப்பூர் கணவாயில் அந்த வேகத்தில் லாரி இறங்கினால் பிடித்து நிறுத்திவிடுவார்கள். எந்த வீட்டுச் சிம்னியும் அப்படித் தள்ளுவதில்லை. நல்ல குட்டைக் குழாய் இருந்தாலே அட்டையில் போட்ட எண்ணில் பாதி கிடைத்தால் பெரிது.

உங்கள் குழாய் குட்டையும் இல்லை, நல்லதும் இல்லை. ஒரு முழு வளைவுக்கு, அதாவது 90 டிகிரித் திருப்பத்துக்கு, பத்தடி நேர்க்குழாய் என்று எங்கள் தொழிலில் ஒரு தோராயக் கணக்கு உண்டு. நாலு வளைவுக்கு நாற்பதடி, அதோடு ஓடுகிற 24 அடி. ஆக, உங்கள் சிம்னிக்கு அது 64 அடிக் குழாய். அதுவும் வழுவழுப்பான தகரக் குழாயாக இருந்தால்தான் இந்தக் கணக்கு. நீங்கள் போட்டிருப்பது சுருக்கு வைத்த அலுமினிய ஃப்ளெக்ஸிபிள். அதை முழுசாக இழுத்து விறைப்பாகப் போட்டால்கூடத் தகரத்தைவிட அதிகம் உரசும். தொளதொளவென்று விட்டால் தடை இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று ஏறிவிடும்.

நீங்கள் அனுப்பிய மூன்றாவது படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பரணில் குழாயின் மேல் ஒரு பித்தளை அண்டா உட்கார்ந்திருக்கிறது. அதன் அடியில் குழாய் நசுங்கி நாலு இஞ்ச் கனம்தான் தெரிகிறது. அதற்கு முன்னால் ஒரு இடத்தில் தொட்டில் மாதிரி தொங்குகிறது. அந்தத் தொங்கலைக் கழற்றிப் பாருங்கள், இரண்டு வருட எண்ணெய் அங்கேதான் இருக்கும்: பழுப்பு நிறத்தில், கெட்டியாக, விரலால் தொட்டால் நூல் இழுக்கும். மீன் வாசம் ஹாலுக்கு வருவதில் அதற்கும் பங்கு உண்டு.

இந்த நிலையில் 1500 வாங்குவது, போர் மோட்டாரின் ஹெச்.பி.யைக் கூட்டிவிட்டு அதே அரை இஞ்ச் ஓஸில் தண்ணீர் பாய்ச்சுகிற கதைதான். சத்தம் கூடும், கரண்ட் பில் கூடும், புகை அப்படியே நிற்கும்.

சரி, என்ன செய்வது? மேலே மொட்டை மாடி என்று எழுதியிருக்கிறீர்களே, விடை அதில்தான் இருக்கிறது. ஏன் பின்பக்கம் வரை போக வேண்டும்? சிம்னியிலிருந்து நேராக மேலே ஏற்றி, தளத்தைத் துளைத்து மாடிக்குப் போய்விடலாம். உங்கள் சமையலறை உயரத்துக்கு உள்ளே நாலடி, தளத்துக்கு மேலே நாலடி, எல்லாம் சேர்த்து ஒன்பதடிக்குள் முடிந்துவிடும். ஒரு வளைவுகூடக் கிடையாது.

தளத்தில் துளை என்றதும் வீட்டில் எல்லோரும் பதறுவார்கள். உளி, சுத்தி வைத்து உடைக்கிறேன் என்று யாராவது வந்தால் பதறத்தான் வேண்டும், வாசலோடு திருப்பி அனுப்புங்கள். கோர் கட்டிங் மெஷின் வைத்து வட்டமாக அறுத்து எடுக்கிறவர்கள் தருமபுரியிலேயே இருக்கிறார்கள். எந்த இடத்தில் பீம் போகிறது, கம்பி எப்படிக் கட்டியிருக்கிறது என்று வீடு கட்டிய இன்ஜினீயரைக் கேட்டு, அவர் காட்டுகிற இடத்தில் மட்டும் அறுக்க வேண்டும். மாடியில் துளையைச் சுற்றி அரை அடி உயரத்துக்குக் கான்கிரீட் திண்டு எழுப்பி, தட்டு ஓட்டோடு சேரும் இடத்தில் நீர்க்கசிவுப் பூச்சு அடித்துவிட்டால் ஐப்பசி மழைக்கும் பயமில்லை. குழாய் வாய்க்கு மேலே மழைத் தொப்பி வேண்டும். தொப்பிக்கும் வாய்க்கும் நடுவில் அரை அடியாவது இடைவெளி விடுங்கள், தொப்பியே மூடியாகிவிடக் கூடாது. நெட்டுக்குத்தாகப் போகிற குழாயில் மார்கழிக் குளிருக்கு ஆவி வியர்த்து, எண்ணெயோடு சேர்ந்து கீழே சொட்டும். தளத்துக்கு மேலே இருக்கிற பகுதிக்கு இன்சுலேஷன் சுற்றினால் பெருமளவு குறையும். மிச்சத்தைச் சிம்னி வாயில் அவ்வப்போது துணியால் துடைத்துக்கொள்ளலாம்.

மாடியைத் தொடவே கூடாது என்று மாமனார் சொல்லிவிட்டால் இரண்டாவது வழி. பழைய வழித்தடமே இருக்கட்டும், குழாயை மாற்றுங்கள். ஜி.ஐ. தகரத்தில், அதாவது துத்தநாகம் பூசிய தகரத்தில், 8 இஞ்ச் குழாய் போடுங்கள். அதே காற்று 6 இஞ்சுக்குப் பதில் 8 இஞ்சில் போனால் உராய்வு ஏறக்குறைய நாலில் ஒரு பங்காகிவிடும். நீளக் குழாய்க்கு இதைவிட மலிவான மருந்து கிடையாது. சிம்னி வாயிலிருந்து முதல் வளைவு வரை இரண்டடியாவது நேராக வரட்டும். ஒரே திருப்பாக மடிக்காமல், இடம் இருக்கும் இடத்தில் இரண்டு அரை வளைவாகத் திருப்பச் சொல்லுங்கள். படுக்கையாகப் போகிற பகுதி வெளிப்பக்கம் பார்த்து அடிக்குக் கால் இஞ்ச் சரிவாக இருக்க வேண்டும். 20 அடிக்கு 5 இஞ்ச் இறக்கம். எண்ணெயும் வியர்வையும் வெளியேதான் சொட்ட வேண்டும், உங்கள் தாளிப்பில் அல்ல. ஒவ்வொரு துண்டின் முனையும் காற்று போகும் திசையில் அடுத்த துண்டுக்குள் நுழைய வேண்டும். மாற்றிச் சொருகினால் ஒவ்வொரு இணைப்பிலும் எண்ணெய் கசிந்து பரணில் இறங்கும். உள்ளே முனை நீட்டுகிற ஸ்க்ரூ வேண்டாம், பிசுக்கு முழுக்க அதில்தான் சிக்கும். பாப் ரிவெட் அடித்து அலுமினிய ஃபாயில் டேப் ஒட்டினால் போதும். வளைவுக்கு ஒரு கழற்று மூடி வைத்துவிட்டால் வருடத்துக்கு ஒரு தடவை கை விட்டுத் துடைக்கலாம்.

சிம்னி மாட்ட வருகிற தம்பிகள் கையில் ஃப்ளெக்ஸிபிள் தவிர வேறு இருக்காது. ஏ.சி. டக்ட் செய்கிற தகரக் கடையைப் பிடியுங்கள். அப்புறம், அண்டாவை இறக்கி வையுங்கள். அதற்குக் காசு ஆகாது, இன்றைக்கே கொஞ்சம் வித்தியாசம் தெரியும்.

*

சிம்னிக்குக் கழிவுநீர் பி.வி.சி. பைப்பே போட்டுவிடலாம், துருப்பிடிக்காது என்கிறார் பிளம்பர். சரிதானா?
– வாசகர், பாலக்கோடு

துருப்பிடிக்காது என்பது உண்மை. உள்ளே வழுவழுப்பாக இருக்கும், காற்றும் நன்றாக ஓடும். இதெல்லாம் அடுப்பு ஒழுங்காக எரிகிற வரைக்கும். வாணலி எண்ணெய் தீப்பிடித்த அன்றைக்கு அந்தத் தீயைச் சிம்னி மேலே இழுக்கும். 80 டிகிரியை நெருங்கும்போதே பி.வி.சி. இளகத் தொடங்கிவிடும். எரிந்தால் வருகிற புகையில் அமிலம் இருக்கும். நான் போட மாட்டேன், போடச் சொல்லவும் மாட்டேன்.

*

அண்ணா, எங்கள் வீடு ஊருக்கு வெளியே, சுற்றிலும் மாந்தோப்பு. சிம்னிக் குழாய் மேற்குச் சுவரில் வெளியே போகிறது. மற்ற மாதமெல்லாம் பிரச்சினை இல்லை. ஆடி பிறந்தால் போதும், சிம்னி ஓடாதபோது உள்ளேயிருந்து குப்பென்று காற்று அடிக்கிறது, பழைய எண்ணெய் நாற்றம். ராத்திரியெல்லாம் படபடவென்று சத்தம் வேறு.
– வாசகி, போச்சம்பள்ளி

அம்மியையே நகர்த்துகிற காற்று என்று ஊரே சொல்கிறது, அதற்கு நேரே வாயைத் திறந்து வைத்திருக்கிறீர்கள். தென்மேற்குப் பருவக்காற்று நம் பக்கம் வைகாசிக் கடைசியிலிருந்து புரட்டாசி வரை மேற்கிலிருந்துதான் வீசும். புதுவீடு கட்டுகிறவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்: சிம்னி வாயை மேற்கே வைக்காதீர்கள். கிழக்கோ வடக்கோ பார்த்து வையுங்கள், முடியாவிட்டால் மாடிக் கைப்பிடிச் சுவருக்கு மேலே இரண்டடி தூக்கிவிடுங்கள்.

உங்களுக்கு இப்போது சுவரை மாற்ற முடியாது. முதலில் சிம்னியின் மேல் வாயில், குழாய் சொருகுகிற வளையத்தைக் கழற்றிப் பாருங்கள். அதற்குள் அரைவட்டமாக இரண்டு பிளாஸ்டிக் இதழ்கள் இருக்க வேண்டும். காற்று போகும்போது திறந்து, நின்றதும் மூடிக்கொள்கிற ஏற்பாடு. பல வீடுகளில் அது பெட்டியோடு வந்த பாலித்தீன் பையிலேயே இருக்கும், மாட்டுகிறவர் மாட்டியிருக்க மாட்டார். மாட்டிய வீடுகளில் எண்ணெய் பட்டு ஒட்டிக்கொண்டு பாதி திறந்தபடி நிற்கும். உங்களுக்குப் படபட சத்தம் வருவதைப் பார்த்தால் இதழ்கள் இருக்கின்றன, ஆனால் சரியாக உட்காரவில்லை. சோப்பு நீரில் கழுவி, ஓரத்தில் மெல்லிய ஃபெல்ட் துணி ஒட்டுங்கள். சத்தம் அடங்கும்.

வெளிவாயில் ஒரு டி வடிவ இணைப்பை, இரண்டு திறப்பும் வடக்கு தெற்காக வருகிற மாதிரி மாட்டினால் காற்று நேராக உள்ளே பாயாது. இது தகரக் கடையில் அரை நாள் வேலை. வெளியே தானாக விழுந்து மூடுகிற பட்டை ஜன்னல் மாதிரி மூடியும் கிடைக்கிறது. ஆனால் பிளாஸ்டிக்கில் வாங்கினால் நம் ஊர் வெயிலில் சீக்கிரமே நொறுங்கிவிடும். தகரத்தில் வாங்குங்கள்.

*

வீடியோ பார்த்து ஃபில்டரைக் காஸ்டிக் சோடாவில் ஊறவைத்தேன். புஸ்ஸென்று பொங்கி, கறுத்து, இப்போது சல்லடை உதிர்கிறது. பழையபடி ஆக்க வழி உண்டா? ஆட்டோ கிளீன் வாங்கியிருந்தால் இந்தத் தொல்லையே இல்லை என்கிறாள் என் தங்கை.
– வாசகி, அரூர்

வழி இல்லை அம்மா, புது ஃபில்டர்தான். உங்களுடையது அடுக்கடுக்கான அலுமினிய வலை. காஸ்டிக் சோடா அலுமினியத்தைத் தின்றுவிடும். பொங்கியது அழுக்கு இல்லை, ஹைட்ரஜன் வாயு, தீப்பிடிக்கக் கூடியது. நல்லவேளை பக்கத்தில் அடுப்பு எரியவில்லை. வளைந்த தகடுகள் வரிசையாக நிற்கிற கனமான எஃகு ஃபில்டர் என்றால் காஸ்டிக் தாங்கும்தான். ஆனால் கண்ணில் ஒரு சொட்டுத் தெறித்தால் என்ன ஆகும் என்று நினைத்து, வீட்டில் அதை வைத்துக்கொள்ளவே வேண்டாம் என்பேன்.

அலுமினிய வலைக்குப் பாத்திரம் கழுவும் திரவமும் வெந்நீரும் போதும். ஃபில்டர் படுக்கிற அளவு அகலமான பேசினில், கை பொறுக்காத சூட்டில் தண்ணீர் விட்டு அரை மணி நேரம் ஊறவிடுங்கள். எஃகுத் தகடு என்றால் அதோடு இரண்டு கை ஆப்ப சோடா. பிறகு பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால், தகடு ஓடுகிற திசையிலேயே தேய்க்க வேண்டும். முன்புறத்தைவிட மடிப்புக்குப் பின்னால்தான் அதிகம் இருக்கும், அங்கே கண்ணாடி போட்டுக்கொண்டு பாருங்கள். எண்ணெய் புதிதாகப் பட்டது என்றால் அரப்புத் தூளே எடுத்துவிடும், நாள்பட்ட பிசுக்குக்கு அது ஆகாது. அலசுவதில் ஒரு விஷயம்: நம் ஊர் போர் தண்ணீரில் உப்பு அதிகம். அப்படியே காயவிட்டால் வெள்ளை வெள்ளையாகப் படிந்துவிடும். கடைசி அலசலுக்கு மட்டும் ஒகேனக்கல் தண்ணீர் ஒரு செம்பு எடுத்துக்கொண்டு, துணியால் துடைத்து, வெயிலில் நிற்க வைத்துக் காய்ந்த பிறகே மாட்டுங்கள்.

எத்தனை நாளுக்கு ஒரு தடவை என்பது உங்கள் அடுப்பைப் பொறுத்தது. களியும் கீரைக் கடைசலும் செய்கிற வீட்டில் ஒன்றரை மாதம் தாங்கும். வாரம் இரண்டு தடவை வறுவல் என்றால் மூன்று வாரத்தைத் தாண்டவிடாதீர்கள்.

ஆட்டோ கிளீன் என்பது, உள்ளே இருக்கிற சூட்டுக் கம்பி சில நிமிடம் காய்ந்து, விசிறியில் ஒட்டிய எண்ணெயை உருக்கிக் கீழே கிண்ணத்தில் இறக்குகிற வேலை. விசிறிக்கு நல்லது. ஆனால் குழாய்க்குள் அது எட்டியும் பார்க்காது, அந்தக் கிண்ணத்தைக் கொட்டுவதும் நீங்கள்தான். வழிந்து அடுப்பில் சொட்டிய பிறகு கிண்ணம் என்று ஒன்று இருப்பதே தெரிந்தவர்கள் நிறையப் பேர். தங்கையிடம் சொல்லுங்கள்.

*

சார், அபார்ட்மெண்டில் சமையலறையை ஒட்டிய பாத்ரூமில் கேஸ் கீஸர் இருக்கிறது. சிம்னி போட்ட பிறகு, காலையில் அவர் குளித்துவிட்டு வந்தால் தலை சுற்றுகிறது என்கிறார். ஏ.சி. இருப்பதால் ஜன்னல் எல்லாம் மூடித்தான் இருக்கும். சம்பந்தம் உண்டா?
– வாசகி, ஓசூர்

உண்டு. இதைப் படித்ததும் கீஸரை நிறுத்துங்கள், மிச்சத்தைப் பிறகு படிக்கலாம்.

சிம்னி மணிக்கு 600 கன மீட்டர் வெளியே தள்ளுகிறது என்றால் அதே 600 எங்கிருந்தாவது உள்ளே வந்தாக வேண்டும். பத்துக்கு எட்டு சமையலறையின் காற்று முழுவதும் இரண்டேகால் நிமிடத்தில் மாறிவிடுகிற அளவு அது. ஜன்னல் மூடியிருந்தால், கதவிடுக்கு, பாத்ரூம், கீஸரின் புகைவழி என்று கிடைத்த இடத்திலிருந்தெல்லாம் இழுக்கும். கீஸர் வெளியே விட வேண்டிய புகை அப்போது உள்ளே திரும்பும். அதில் கார்பன் மோனாக்ஸைடு இருக்கும். நிறமில்லை, மணமில்லை, ஆளைக் கொன்றுவிடும். தலைசுற்றல்தான் அது கொடுக்கிற எச்சரிக்கை. அவரை டாக்டரிடம் காட்டுங்கள், கீஸர் விஷயத்தையும் மறக்காமல் சொல்லுங்கள். கீஸரைத் திறந்த பால்கனிக்கு மாற்றுங்கள், அல்லது கரண்ட் கீஸருக்குப் போய்விடுங்கள்.

மற்ற வீடுகளுக்கும் ஒரு வார்த்தை: சிம்னி ஓடும்போது ஜன்னலை நாலு விரல் அகலம் திறந்து வையுங்கள். அடுப்புக்கு எதிர்ப்பக்க ஜன்னலாக இருந்தால் நல்லது. பக்கத்து ஜன்னலைத் திறந்தால் வருகிற காற்று புகையைத் தட்டிவிட்டுப் போய்விடும்.

*

வாடகை வீடு, சுவரில் ஓட்டை போட ஓனர் விடமாட்டார். குழாய் இல்லாத சிம்னி வாங்கலாமா?
– வாசகர், கிருஷ்ணகிரி

அது கரித்தூள் வழியாக வாசத்தை மட்டும் கொஞ்சம் பிடித்துக்கொண்டு, சூட்டையும் ஆவியையும் உங்கள் முகத்துக்கே திருப்பி அனுப்பும். கரியைக் கழுவவும் முடியாது, சில மாதத்துக்கு ஒருமுறை புதிது வாங்க வேண்டும். ஜன்னல் கண்ணாடி ஒன்றைக் கழற்றி அந்த இடத்தில் எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டுங்கள். காலி செய்யும்போது கண்ணாடியைத் திருப்பிப் போட்டுவிடலாம்.

*

குழாய்க்குள் அணில் கூடு கட்டிவிட்டது. கொசுவலை அடித்துவிடட்டுமா?
– வாசகி, பென்னாகரம்

கொசுவலை எண்ணெயில் சீக்கிரமே அடைத்துக்கொள்ளும், அப்புறம் குழாய் இருந்தும் இல்லாத மாதிரிதான். அரை இஞ்ச் கட்டம் போட்ட கம்பி வலை போடுங்கள், பிரஷ்ஷால் தேய்க்கிற மாதிரி கைக்கு எட்டும் இடத்தில். அதற்கு முன் கூட்டில் குட்டி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அவை வெளியேறும் வரை சிம்னியைப் போடாமல் சமாளியுங்கள். தேங்காய் நாரும் பஞ்சுமாக இருக்கும், எண்ணெய் வேறு ஊறியிருக்கும்; எடுக்காமல் அடுப்பில் எண்ணெய் காய வைக்காதீர்கள்.

*

வீட்டிலேயே நிப்பட்டு, முறுக்கு போட்டுக் கடைகளுக்குக் கொடுக்கிறோம். தினமும் ஐந்தாறு மணி நேரம் எண்ணெய் கொதிக்கும். 90 சென்டிமீட்டர் வீட்டுச் சிம்னி போதுமா?
– வாசகர், காவேரிப்பட்டணம்

போதாது. வீட்டுச் சிம்னி ஒரு வேளைக்கு ஒரு மணி நேரச் சமையலுக்குச் செய்தது. உங்களுக்கு அடுப்பைவிட நாலாபக்கமும் அரை அடி பெரிதான தகரக் கூம்பு, எஃகு ஃபில்டர், மோட்டார் புகைக்கு வெளியே இருக்கிற பிளோயர் (காற்றைத் தள்ளும் விசிறி), குறைந்தது 12 இஞ்ச் குழாய் வேண்டும். ஹோட்டலுக்குச் செய்கிறவர்களிடம் கேளுங்கள். தினம் வேலை முடிந்ததும் ஃபில்டரைக் கழற்றிக் கழுவியாக வேண்டும், வாரக் கணக்கெல்லாம் உங்களுக்குக் கிடையாது. எண்ணெய் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது: கேஸை மூடு, பிளோயரை நிறுத்து, வாணலியை மூடு. வேலைக்கு வருகிற பெண்கள் எல்லோருக்கும் தெரியும்படி இதைச் சுவரில் எழுதிவையுங்கள். பிளோயர் ஸ்விட்ச் அடுப்புக்கு மேலே இருக்க வேண்டாம், வாசற்படிப் பக்கம் இருக்கட்டும்.